பெரிய கோயிலில் அறுந்த கயிறு

சாகசக்காரர்களின் சரித்திரத்தைச் சொல்லி வியாபாரிகளுக்கு உபதேசம் செய்யும் வழக்கம் இப்போது நம் ஊர்ப்பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. வர்த்தகர்களுக்கென்று கல்யாண மண்டபத்தில் கூட்டப்படும் கூட்டங்களில், மேடையேறுகிற பேச்சாளர் இமயத்தின் உச்சியையும் தென் துருவத்தின் பனியையும் எடுத்துக்காட்டி, துணிந்து இறங்கியவனுக்கே உலகம் என்றும், கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவன் கரையிலேயே நின்றுவிடுவான் என்றும் முழங்குகிறார். கேட்டுக்கொண்டிருக்கிற பாத்திரக் கடைக்காரரும் பட்டு வியாபாரியும் அரிசி மண்டிக்காரரும் கைதட்டிவிட்டுத் தத்தம் கடைக்குத் திரும்பி, மறுநாள் காலையில் பால்காரருக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததை எழுதிவைக்க மறந்துவிடுகிறார்கள்.

துணிவு இவர்களிடம் எப்போதும் குறைந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். மனைவியின் வளையலை அடகு வைத்து, கடைத்தெருவில் பத்துக்குப் பத்து அறை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து, மழை பெய்தால் கூட்டம் வராது என்றும் வெயில் அடித்தால் சரக்கு கெட்டுவிடும் என்றும் தெரிந்துகொண்டே கதவைத் திறக்கிற ஒருவருக்குத் தைரியம் கற்பிக்க இமயத்தைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. அவருக்குப் பிரயோஜனப்படக்கூடிய சாகசம் ஒன்று உண்டு. அதன் முக்கியமான ஓர் அத்தியாயம், எங்கள் ஊரான திருவிடைமருதூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், தஞ்சைப் பெரிய கோயிலில், 1808-ஆம் ஆண்டில் நடந்தது. அதில் கொடி நாட்டப்படவில்லை. ஒரு கயிறு அறுந்தது.

வில்லியம் லாம்டன் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயச் சேனை அதிகாரி. 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த ஸ்ரீரங்கப்பட்டணத்து யுத்தத்தில், இரவில் நடந்துகொண்டிருந்த படைப்பிரிவு வழி தவறி எதிரியின் பக்கமே போய்க்கொண்டிருப்பதை, ஆகாயத்து நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுகொண்டு தளபதியை எச்சரித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். யுத்தம் முடிந்ததும் அவர் விண்ணப்பித்த காரியம், தீபகற்பத்தை முக்கோணங்களால் பின்னி, ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தூரத்தையும், அதன் வழியாகப் பூமியின் வளைவையுமே நிர்ணயிப்பது. 1802-இல் தொடங்கிய அந்த வேலை, அவர் இறந்த பிறகும் தொடர்ந்து, 1841-இல் இமயத்தின் அடிவாரம் வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டு முடிந்தது. அதே அளவைத்துறையில் கணக்கராக இருந்த வங்காளி ராதாநாத் சிக்தார், மேஜையில் உட்கார்ந்து கணக்கிட்டே உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் எது என்பதைக் கண்டார். 29,002 அடி என்ற அந்த உயரம் 1856-இல் வெளியிடப்பட்டபோது, அதன் மேல் மனிதக் கால் படுவதற்கு இன்னும் 97 ஆண்டுகள் பாக்கி இருந்தன.

லாம்டனுக்கு வேண்டிய பிரதான கருவி தியோடலைட், கோணங்களை அளப்பது. லண்டனில் கேரி என்ற கருவித் தொழிலாளர் செய்து அனுப்பிய அதன் எடை அரை டன். கோணம் பார்க்கும் வட்டத்தின் விட்டம் மூன்றடி. வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைக் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் இது யுத்தத் தளவாடமல்ல, சாஸ்திரக் கருவி என்று கண்டு சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். நீளம் அளக்க எஃகுச் சங்கிலி ஒன்று கிடைத்தது. அது சீனச் சக்கரவர்த்திக்கு வெகுமதியாகக் கொண்டுபோகப்பட்டு, வேண்டாம் என்று கைவிடப்பட்டு, கல்கத்தாவில் ஒருவரிடம் தங்கியிருந்த பழைய சரக்கு. புதிதாய்த் தொழில் தொடங்குகிறவர்கள், தளவாடமெல்லாம் புதிதாய்ப் பளபளவென்று வந்தால்தான் கை வைப்பேன் என்று காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சங்கிலி ஞாபகத்துக்கு வருவதுண்டு.

முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் நடந்து அளக்காமலே கணக்கினால் அறியலாம் என்பது பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் விதி. அறிந்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று ஆயிரம் மைல் போகலாம். ஆனால் அத்தனைக்கும் ஆதியில் ஒரு பக்கத்தையாவது கையால் அளந்தே தீரவேண்டும். அதை ஆதாரக் கோடு என்பார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்கு அருகில் தொடங்கி, பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு லாம்டன் அந்தக் கோட்டை அளக்க முற்பட்டார். சித்திரை வெயிலில் நூறு அடிச் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளின் மேல் ஏற்றி, மட்டம் பார்த்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, சூட்டினால் எஃகு எவ்வளவு நீண்டிருக்கும் என்று கழித்து, பிறகு சங்கிலியை எடுத்து அடுத்த நூறு அடிக்கு நகர்த்தி, இப்படி ஏறக்குறைய நானூறு தடவை செய்தார். ஒரு மனிதன் காலையில் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் நடந்துவிடக்கூடிய தூரத்துக்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தில்தான் நம்முடைய விஷயம் இருக்கிறது. சென்னையிலிருந்து மேற்கே மங்களூர் வரை குறுக்காக முக்கோணங்களைக் கொண்டுபோனபோது, அதுவரை வழங்கிவந்த படங்கள் 400 மைல் என்று காட்டிய தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைலே என்று தெரியவந்தது. கம்பெனியின் ராஜ்யத்தில் நாற்பது மைல் அகலம் ஒரே கணக்கில் காணாமற் போயிற்று. இந்தச் செலவெல்லாம் எதற்கு, ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டிய பிரயாணி பல்லக்குத் தூக்கிகளிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்களே கொண்டுபோய்விட மாட்டார்களா என்று சென்னை நிதிக் குழுவைச் சேர்ந்த கனவான் ஒருவர் பரிகாசம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் நம் கடைத்தெருவில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தக் கனவானின் கட்சியே. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, கூட்டம் வந்துகொண்டுதானே இருக்கிறது, பிறகென்ன அளவு என்பதுதான் அவர்களுடைய வாதமும்.

உண்மையான அளவு முதன்முதலில் செய்கிற வேலை, அளக்கப்பட்டதைச் சிறிதாக்கிக் காட்டுவது. மனிதர்கள் கணக்கெழுதுவதைச் சோம்பலினால் தள்ளிப்போடுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. குறைந்துவிடுமோ என்ற பயத்தினாலேயே தள்ளிப்போடுகிறார்கள். நாற்பது மைல் போனாலும் சரி என்று படத்தைத் திருத்துகிற மனம் வேண்டும். சாகசத்திலிருந்து சிறு வியாபாரி கற்கவேண்டிய தைரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மேடைப் பேச்சாளர்களின் பட்டியலில் இது இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருபுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அதன் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளிக்கோ நெய்கிற நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கப்படும். நெய்த சேலை எடை போட்டு வாங்கப்படும். கூலி பேசியபடி வரும். எடைக்கும் விலைக்கும் உரிய கவலை மற்றவருடையது. அப்படி இருந்த ஒருவர், கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாங்குகிறார்களே, நாமே நெய்து நாமே விற்றால் என்ன என்று தனித் தொழிலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டின் விலை, ஜரிகையின் விலை, சாயக் கூலி, இவற்றைக் கூட்டி, விற்ற விலையில் கழித்து, சேலைக்கு 4,000 ரூபாய் நின்றது என்று சந்தோஷப்படுகிறார்.

அவருடைய மனைவி பகல் முழுவதும் தார் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்த வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தால் கூலி கொடுத்திருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு 900 ரூபாய். தீர்ந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்ததற்கு ஆன செலவில் இந்தச் சேலையின் பங்கு 400 என்று வைப்போம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி, பட்டு நமுத்துத் தறி நிற்கிற நாட்களில் வீட்டுச் செலவு நிற்பதில்லை. அந்த நாட்களின் பாரத்தை ஆண்டு முழுவதும் நெய்த சேலைகளின் மேல் பகிர்ந்தால் இதற்கு 500. வாங்கினவர் மூன்று மாதம் கழித்தே பணம் அனுப்பினார். அதற்குள் பட்டு வாங்கிய கடனுக்கு வட்டி 600. மிச்சம் 1,600. அதற்குள்தான் அவருடைய சொந்த உழைப்புக்கான கூலியும் அடங்கியிருக்கிறது! இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அவர் ஒரு தறியைச் சங்கத்துக்கும் ஒரு தறியைச் சொந்த வியாபாரத்துக்கும் என்று வைத்துக்கொள்ளத் தீர்மானிக்கலாம், விலையை உயர்த்தலாம், பணம் வந்த பிறகே சேலை அனுப்புவேன் என்று சொல்லலாம். கணக்கைப் போடாதவருக்கு இந்த மூன்று வழிகளில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. இன்னும் நான்கு தறி போடு, துணிந்து இறங்கு என்ற பேச்சு மட்டும் காதில் விழும். நஷ்டமோ பல மடங்காகும்.

மனைவியின் உழைப்பை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் சிறு தொழில்களில் கணக்கில் ஏறாத முதலீடுகளுள் மிகப் பெரியது அதுவே. இட்லிக் கடையில் நள்ளிரவில் மாவாட்டுகிறவளும், மளிகைக் கடையில் மத்தியானம் கணவர் உறங்கும்போது தராசைப் பிடிக்கிறவளும், நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில் மெருகு தேய்த்துக் கொடுக்கிறவளும் சம்பளப் பட்டியலில் இருப்பதில்லை. லாபம் என்று கணவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற தொகை பெரும்பாலும் அவளுக்குக் கொடுக்காத கூலியே ஆகும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபத்தினால் கணக்கு மாறிவிடாது.

நெல்லை மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று மங்களமாகச் சொல்லித் தொடங்குவது நம் குடியானவர்களின் பழைய சம்பிரதாயம். களத்துமேட்டில் அது அழகாகத்தான் இருக்கிறது. கடையை நடத்துகிறவர் எண்ணி முடிக்கும் முன்பே லாபத்தைச் சொல்லிவிடுவது அவ்வளவு அழகல்ல. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று மூன்று ஏடுகளையும் முறையாக வைத்துத் தூர தேசங்களில் தொழில் நடத்தியவர்கள் வாழ்ந்த தமிழ்நாட்டில், இன்று யுபிஐ அட்டையை ஒட்டி, பணம் வந்ததென்று பெட்டி கூவுவதையே கணக்கென்று நம்புகிற நிலைமை வந்திருக்கிறது. பெட்டி வரவைத்தான் கூவும், பற்றைச் சொல்லாது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் மகாலிங்கசுவாமி கோயிலின் கீழைக் கோபுர வாயிலிலும், ராஜ்யத்தைத் துறந்த பத்திரகிரியார் மேலை வாயிலிலும் இருந்தார்கள் என்பது ஐதீகம். பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம் பட்டினத்தார், என்னிடம் ஒன்றுமில்லை, மேலை வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறார், அவரிடம் கேள் என்றாராம். பத்திரகிரியாரிடம் இருந்தவை ஒரு திருவோடும் ஒரு நாயும். பக்தர்கள் இதில் வைராக்கியத்தைக் காண்கிறார்கள், அது சரியே. எனக்கோ, துறவு பூண்ட பிறகும் கை மறக்காத ஒரு வியாபாரியின் இருப்புக் கணக்கு அதில் தெரிகிறது. ஓட்டையும் நாயையும் கூட இருப்பில் சேர்க்காமல் விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது!

தஞ்சைக்கு வருவோம். மலைப்பாங்கான சீமைகளில் லாம்டனுக்குக் குன்றுகள் கிடைத்தன. உச்சியில் கருவியை வைத்தால் அடுத்த குன்று தெரியும். காவிரிப் படுகையிலோ கண்ணுக்கெட்டிய வரை சமதளம். வயலை விட்டால் தென்னந்தோப்பு, தோப்பை விட்டால் மூங்கில் கொத்து. இங்கே குன்றுகளின் வேலையைச் செய்யக்கூடியவை கோயில்களே. சரபோஜி மன்னர் தஞ்சையில் வீற்றிருந்த காலம் அது; ராஜராஜன் எழுப்பிய ஆலயத்தின் மேல், அரை டன் கருவியை அதன் பெட்டியோடு கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாரத்தைத் தூக்கும் கயிறு ஒன்று. சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்கும் கயிறு மற்றொன்று. விலக்கிப் பிடித்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிற்று. வட்டத்தைப் பிடித்து நுட்பமாய்த் திருப்புகிற திருகாணியின் மேல் அடி விழுந்து, மூன்றடி வட்டம் வட்டமாக இல்லாமற் போயிற்று.

இந்தியாவில் அதற்கு மாற்றுக் கருவி இல்லை. லண்டனுக்கு எழுதி வரவழைப்பதென்றால் மாதக்கணக்கில் கப்பல் வரவேண்டும். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்து, தட்டையான பெரிய பலகை ஒன்றில் தமக்கு வேண்டிய அளவில் சுத்தமான வட்டம் ஒன்றை வெட்டிக்கொண்டு, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் வளைந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து இழுத்து அந்த வட்டத்தோடு பொருந்தச் செய்தார். ஆறு வாரம் ஆயிற்று. அந்தக் கருவியைக் கொண்டே மேலும் பல ஆண்டுகள் வேலை நடந்தது.

அடிபட்ட கருவியோடு அவர் மறுநாளே கோணம் பார்த்திருக்கலாம். கண்ணாடி உடையவில்லை, எண்கள் தெரியும், மேலிடத்தில் சீக்கிரம் முடி என்ற நெருக்கடி வேறு. பார்த்திருந்தால் ஒவ்வொரு கோணத்திலும் ஒரு சிறு பிழை ஏறி, அதன் மேல் கட்டிய ஒவ்வொரு முக்கோணத்திலும் பெருகிக்கொண்டே போயிருக்கும். நம் தொழில்களில் வளைந்த வட்டத்தோடு ஓடுகிறவை எத்தனை! அறுவடையின்போது ஈர நெல்லை வாங்கி அடுக்கிய மண்டிக்காரர், கையில் அள்ளிப் பார்த்துக் காய்ச்சல் சரியென்று சொல்லி வாங்குகிறார். மூட்டைக்கு எத்தனை கிலோ இளைத்தது என்பது ஆடியில் விற்கும்போது தெரிகிறது. மறு தையிலும் அதே கையால் அள்ளித்தான் பார்க்கிறார். ஜரிகையில் கலப்பு என்ற சந்தேகம் ஒரு தடவை வந்த பிறகும், கல்யாணச் சீசன் போய்விடுமே என்று அதே வியாபாரியிடம் வாங்கி நெய்து முடித்து, இரண்டாண்டு கழித்துச் சேலை கறுத்துத் திரும்பி வரும்போது ஊரின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்து இழக்கிறவர் உண்டு. பித்தளை வார்க்கிற பட்டறையில் உலையில் கருகிப் போகும் உலோகம் எவ்வளவு என்று பத்தாண்டுகளுக்கு முன் அப்பா சொன்ன கணக்கிலேயே இன்றும் விலை சொல்லுகிறார்கள். ஆறு வாரம் நிறுத்திச் சரி செய்வது நஷ்டமென்று இவர்கள் எண்ணுகிறார்கள்.

கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தளவாடங்கள் அனைத்திலும் மிக மலிவானது அந்தப் பக்கக் கயிறாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாரம் தூக்கும் கயிற்றை எல்லோரும் சோதிப்பார்கள். விலக்கிப் பிடிக்கிற கயிற்றை யார் பார்ப்பது? கடைக்குத் தீக் காப்பீட்டுச் சீட்டைப் புதுப்பிக்காமல் விட்டவர்களிடமும், ஒரே ஒரு பெரிய வாடிக்கைக்காரரை நம்பிச் சிறியவர்களை உதாசீனம் செய்தவர்களிடமும் விசாரித்தால் விடை கிடைக்கும்.

அதே கோயிலின் கற்சுவர்களைப் பாருங்கள். 1010-இல் திருப்பணி நிறைவேறிய அந்த ஆலயத்தில், ராஜராஜனும் அவனைச் சேர்ந்தவர்களும் கொடுத்த பொன், ஆடவல்லான் என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்று கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை கணக்கு. முத்து கோத்த சரடும், சட்டமும், செப்பாணியும் நீக்கி நிறை இன்னதென்று சொல்லுகிற கல்வெட்டுகளும் அங்கே உள்ளன. நிலங்களையோ வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை பிரித்து எழுதியிருக்கிறார்கள். தங்கத்தின் எடையில் நூலின் எடையைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு சக்கரவர்த்தி கல்லில் வெட்டச் செய்தான். அந்தச் சுவர்களை உடைய கோயிலிலேயே, எண்ணூறு வருஷம் கழித்து, வேறொரு அளவுக்காரனின் கருவி மோதி நசுங்கிற்று. சரித்திரத்துக்கு இப்படிப்பட்ட வேடிக்கைகள் உண்டு.

லாம்டனின் முறையில் இன்னொரு அம்சம் என்னை மிகவும் கவர்ந்தது. சென்னையில் அளந்த ஆதாரக் கோட்டிலிருந்து முக்கோணங்களைக் கொண்டுபோய் பெங்களூரை அடைந்ததும், கணக்கின்படி இன்ன நீளம் இருக்கவேண்டும் என்ற இன்னொரு கோட்டை, 1804-இல், மறுபடியும் சங்கிலியால் தரையில் அளக்கச் செய்தார். ஏறக்குறைய ஏழு மைல் கோட்டில் கணக்குக்கும் தரைக்கும் இருந்த வேற்றுமை நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகும் திருப்தியடையாமல் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் புதிய கோடுகளை அளந்தார். தம் கணக்கைத் தாமே சந்தேகிப்பதற்கு அவர் தேதி குறித்து வைத்திருந்தார் என்று சொல்லலாம். ஏட்டிலுள்ள இருப்பையும் பரணிலுள்ள சரக்கையும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஒத்துப் பார்க்கிற கடை நம் தெருவில் எத்தனை என்று கேட்டால், ஆயுத பூஜைக்குத் தூசி தட்டுவதைச் சிலர் சொல்லுவார்கள்.

இதற்கு ஆட்சேபம் உண்டு என்பதை அறிவேன். கம்பெனி சர்க்காரின் பணத்தில் இருபது வருஷம் நிதானமாக அளந்த மனிதனையும், வட்டிக்காரன் வாசலில் நிற்கையில் கடை நடத்துகிற மனிதனையும் ஒப்பிடலாமா? நியாயமான கேள்வி. மேலும், அந்த அளவைத்துறையின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் பாரத்தைச் சுமந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். கருவியைத் தூக்கிய கலாசிகளும், குன்றின் மேல் கொடி பிடித்து நின்றவர்களும், காட்டுக் காய்ச்சலில் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். பெயர்கள் எங்கும் இல்லை. அளந்த நிலத்தில் வரி வசூலித்தவர்கள் யார் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே இந்த மனிதனைப் பூஜிக்கச் சொல்லவில்லை. அவகாசமும் பணமும் குறைந்தவனுக்குப் பிழை செய்ய அனுமதியும் குறைவு என்பதைத்தான் சொல்லுகிறேன். சர்க்கார் நாற்பது மைலை இழந்தும் நின்றது. சிறு வியாபாரி நாற்பதாயிரம் ரூபாயை எங்கே விட்டோம் என்று தெரியாமல் விட்டால் கடை நிற்காது.

1823 ஜனவரி 20 அன்று, நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்டன் காலமானார். வயது எழுபதை ஒட்டியிருக்கும்; வேலை பாதி நாட்டைத் தாண்டவில்லை. அவருடைய குறிப்பேடுகள் இருந்தன; 1818-லிருந்து உதவியாளராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே கோணம் பார்த்தார், என்ன வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகப்பட்டதை மறுபடியும் அளந்து, மேலே கொண்டுபோனார். எவரெஸ்ட் கோபக்காரர், குருவின் வேலையில் குறை சொல்லத் தயங்காதவர். குறை சொல்வதற்கு எழுத்தில் ஏதாவது இருந்ததே என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அவர் காலத்தில் இந்தக் கருவிகளைப் பழுது பார்த்துச் செப்பனிட்ட கைகளுள் முக்கியமானவை ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மோசின் ஹுசைனுடையவை. சீமையிலிருந்து வந்த கருவியைச் சீமைக்கே அனுப்பித்தான் சரி செய்யவேண்டும் என்பதில்லை என்று காட்டிய நம் பக்கத்துத் தொழிலாளி அவர். தம் கைவேலைக்கு என்ன விலை கேட்பது என்று தெரியாமல் திகைக்கிற பட்டறைக்காரர்கள் அவர் பெயரையாவது அறிந்திருக்கலாம்.

நம் கடைகளில் எத்தனையோ, முதலாளி இறந்த பதினாறாம் நாளோடு மூடப்படுகின்றன. யார் எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கு எங்கே மலிவு, எந்த வாடிக்கைக்காரருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தன. பிள்ளை சென்னையிலிருந்து வந்து மேஜையைத் திறந்தால் இரண்டு துண்டுச் சீட்டும் ஒரு காலண்டரும் இருக்கின்றன. கடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டு, கணக்கைப் பற்றிப் பேசாமல் போகிறார்கள்.

நான் யோசனை சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது வங்கி. சிறு தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிறவரிடம், வரப்போகிற மூன்று ஆண்டில் எவ்வளவு விற்பீர்கள், எவ்வளவு மிஞ்சும் என்று திட்ட அறிக்கை கேட்கிறார்கள். ஆடிட்டரோ, தெருமுனையில் கணினி வைத்திருக்கிற தம்பியோ, கேட்ட தொகைக்குத் தக்கபடி அந்த அட்டவணையைத் தட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அளக்காத நிலத்துக்கு வரைந்த படம் அது. அதற்குப் பதிலாகக் கடந்த ஆறு மாதத்துச் சிட்டையைக் கேட்கட்டும். சிட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்பாமல், இன்றிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள், வீட்டுக்கு எடுத்த காய்கறிப் பணமும் மனைவியின் கூலியும் உட்பட எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் பேசுவோம் என்று சொல்லி, மாவட்டத் தொழில் மையத்திலிருந்து மாதம் ஒரு முறை ஒருவரை அனுப்பி அந்த ஏட்டைப் பார்க்கச் செய்யட்டும். ஆறு மாத முடிவில் சிலர் கேட்ட கடனில் பாதி போதும் என்பார்கள். சிலர் கடனே வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடும். வங்கி மேலாளருக்கு அந்த வருஷத்து இலக்கு கொஞ்சம் குறையும். அவரும் அதைக் குறைத்தே எழுதிக்கொள்ளட்டும்.